ஐந்தாம் பாகம் இன்னும் வரவில்லை

ஜூலை 3, வியாழன்

இன்று நூலகத்தில் தொண்டை கட்டாதது எனக்கு மட்டும்தான். படிப்பு வட்டத்தில் சூப்பர் ஹீரோ படக்கதைகளை வாய்விட்டுப் படிக்கிறோம். ஆளுக்கொரு பாத்திரம், அவரவர் பேச்சுக்குமிழியை அவரவர் படிக்க வேண்டும். இடிந்து விழும் கட்டடங்களைத் தோளில் தாங்குகிற பள்ளிக்கூடப் பையன் ‘தாங்கி’. அவனுக்குக் குரல் கொடுப்பவள் எங்கள் கீச்சு. அந்தக் குரலுக்காகவே பிள்ளைகள் வைத்த பெயர். “நகருங்கள், கூரை விழப்போகிறது” என்று அவள் கீச்சிட்டால் கூரைக்கே சிரிப்பு வரும்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். நூலகமா சந்தைக்கடையா என்றார். நல்ல புத்தகமாக ஏதாவது கொடுக்கக்கூடாதா என்று வேறு. பிள்ளைகள் படிக்கிறார்களே அம்மா, அது போதாதா? – மனதுக்குள்தான் கேட்டேன். வாயைத் திறந்தால் இந்த நூலகர் வேலை போகும்.

ஜூலை 8, செவ்வாய்

தாங்கி ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. பார்சலைப் பிரித்த கையோடு புரட்டினேன். நடுவில் தாங்கியின் அம்மா இறந்துபோகிறாள். மருத்துவமனைக் கட்டில், அவள் கை, அதைப் பிடித்திருக்கும் அவன் கை. அதற்கு மேல் புரட்ட முடியவில்லை. மூடிவிட்டேன்.

கீச்சுவின் அம்மாவும் மருத்துவமனையில்தான் கிடக்கிறார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம், பிள்ளைக்குப் பாதிதான் தெரியுமாம். வகுப்பாசிரியை நேற்றுச் சொன்னார். இந்தப் பக்கத்தை அவள் வாயாலேயே படிக்க வைப்பதா? நல்லா இருக்கு! பீரோவின் அடித்தட்டில், பழைய வரைபடங்களுக்குக் கீழே வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஐந்தாம் பாகம் இன்னும் வரவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

எல்லோரும் போன பிறகும் கீச்சு போகவில்லை. யாரும் கேட்காமலே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் விரித்தாள். அடுத்த பாகத்துக்கான விளம்பரம். ‘தாயை இழக்கும் தாங்கி!’ கொட்டை எழுத்தில்.

என் மண்டையில் என்னதான் இருக்கிறது? புத்தகத்தைப் பூட்டத் தெரிந்தவளுக்கு விளம்பரம் நினைவுக்கு வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அவங்க அம்மா செத்துப்போவாங்கன்னு தெரியும் மிஸ். அதுக்கு மறுநாள் அவன் எப்படி இருக்கான், எப்படி ஸ்கூலுக்குப் போறான்னு பாக்கணும். அது மட்டும் போதும்.”

அப்போதாவது சாவியை எடுத்திருக்கலாம். வரவில்லை கண்ணு, வந்ததும் முதலில் உனக்குத்தான் என்றேன். பொய்யில் சர்க்கரை வேறு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்றார். வள்ளென்று விழுந்தேன். அவர் சொன்னது சரி, அதனால்தான் விழுந்தேன்.

ஜூலை 23, புதன்

பீரோவிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். நாளை கொடுக்கிறேன். யார் என்ன சொன்னாலும் சரி.

ஜூலை 24, வியாழன்

கீச்சு வரவில்லை. அவள் அம்மா விடியற்காலையில் போய்விட்டாராம்.

ஜூலை 26, சனி

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா பஸ் டிரைவர். வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டே இருந்தார், தான் உட்கார மறந்துபோய். என்னைப் பார்த்ததும் கீச்சு எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரி. உட்காரும்மா என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேனே, எல்லாம் எங்கே போய்த் தொலைந்தது?

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அந்தப் பிள்ளை கேட்டது ஒரே ஒரு புத்தகம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதிய இடைவேளையில் வந்தாள். புத்தகத்தை நீட்டினேன். அப்போதே வந்துவிட்டது, நான்தான் ஒளித்து வைத்தேன் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நின்றபடியே படித்தாள். நான் லேபிள் ஒட்டுவது போல் பாவனை செய்துகொண்டிருந்தேன். சீக்கிரமே திருப்பிக் கொண்டுவந்தாள்.

“இதுல இல்ல மிஸ்.”

என்ன இல்லை? பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அம்மாவின் கை தளர்கிறது. அடுத்த பக்கத்தில் கறுப்புப் பட்டையில் ‘மூன்று மாதங்களுக்குப் பிறகு’. கீழே தாங்கி ஒரு பாலத்தைத் தோளில் சுமந்துகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

“மறுநாள வரையாமலே விட்டுட்டாங்க.”

இதற்காகவா இவளைக் காக்க வைத்தேன்? முழுசாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லையே நான்! படிக்காமலே நல்லது கெட்டது சொல்கிற தலைமையாசிரியையைவிட எந்த விதத்தில் உசத்தி? பத்திக்கொண்டு வருகிறது. என் மேல்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வட்டம் நடக்கவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கீச்சு மதியம் வந்து உட்கார்ந்தாள். எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. நானும் எதையும் நீட்டவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். அம்மா போன பிறகு முதன்முதலாக ஸ்கூலுக்கு வந்தாயே, அன்றைக்கு எப்படி வந்தாய்?

சொன்னாள். அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட், இருட்டோடு போய்விட்டார். அவளே எழுந்து அவளே யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டாளாம். காலர் ஓரம் கருகிவிட்டதாம். அதைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பாக இருந்தது. இதைக்கூட நான் பார்க்கவில்லை.

“கதவப் பூட்டிட்டேன். போயிட்டு வரேன்னு சொல்ல ஆள் இல்ல மிஸ். பூட்டுகிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போ என்று நான் சொல்லவில்லை.

“அப்புறம்?” என்றேன்.