எடை மெஷினில் ஏறாமல் போன மச்சானுக்கு

அன்புள்ள ஏகாம்பரம் மச்சானுக்கு,

இல்லவே இல்லை. ஆஸ்பத்திரி எடை மெஷின் பக்கத்தில் நின்று நான் கேலி செய்ததால்தான் நீ வைத்தியமே வேண்டாமென்று இருந்துவிட்டாய் என்கிறாள் உன் தங்கை. என் பெண்டாட்டியாக இருந்துகொண்டு உன் கட்சி பேசுகிறாள். நூற்றுச் சொச்சம் கிலோவை நானா உன்மேல் ஏற்றினேன்? ரத்தம் கட்டித் தலைக்குப் போய் நீ செத்ததற்கு என் வாயா காரணம்? நீயே சொல்லு.

சேதி ஒன்று. உனக்கு வந்த அதே படபடப்பு எனக்கும் வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறியத் தெரியாதவன் தறியில் உட்கார்ந்த மாதிரி.

உன்னைப் பார்த்த அதே டாக்டரம்மாதான். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். தொடை வழியாகக் குழாய் விட்டு, நெஞ்சைத் தப்பாகத் துடிக்கவைக்கும் இடத்தைச் சுட்டுவிடலாமாம். ஆனால் இந்த உடம்போடு செய்தால் படபடப்பு திரும்பி வர வாய்ப்பு அதிகமாம். முதலில் பத்து கிலோ குறைக்கச் சொன்னார். குறட்டைக்கும் ஒரு சோதனை உண்டாம். அதற்கு மட்டும் உன் தங்கை கைதட்டினாள்.

தினமும் செவிலிமேடு வரை நடக்கிறேன். இட்லி இரண்டோடு சரி. ஆனாலும் எடை அசையவில்லை. தறிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஈரம் காய்ந்தால் பட்டு எடை குறையும் இல்லையா? எடை பார்ப்பதற்கு முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்தேன். இரண்டு கிலோ குறைந்தது. அப்புறம் மார்பில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். கோடு தாறுமாறாக ஓடியது. உன் தங்கை போட்டுக்கொடுத்துவிட்டாள்.

"கொழுப்பு கொறயணும் பெரியவரே, தண்ணி இல்ல" என்றார் டாக்டரம்மா. "தண்ணி கொறஞ்சா துடிப்பு இன்னும் கெட்டுப்போவும். எதுக்கு இப்டி பண்ணீங்க?"

வெட்கமாக இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. உனக்கும் அன்று அப்படித்தான் இருந்ததா மச்சான்? நான் கேட்கவே இல்லையே.

திங்கட்கிழமை மறுபடி எடை. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறுவேன். யார் சிரித்தாலும் இறங்க மாட்டேன். பத்து கிலோவையும் குறைத்து, அந்தச் சூட்டையும் போட்டுக்கொள்வேன். இது சத்தியம்.

உன் தங்கையிடம் முழுசாகச் சொல்லாத ஒன்று. அன்று நீ ஒரு காலை மெஷின்மேல் வைத்ததும், வரிசைக்கே கேட்கும்படி நான் சொன்னது இதுதான்: "தேர் வருதுபா, கட்டையப் போடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நீ காலை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாய். வரிசையில் உனக்கு அடுத்து நின்ற நானும் பின்னாலேயே வந்தேன்.

"மச்சான், நில்லுபா, நான் இன்னும் முடிக்கல. இத விட பெரிய தேரு ஒண்ணு பின்னாடி நின்னுக்கினு..."

நீ தெருமுனை திரும்பிவிட்டாய்.

உன் பின்னால் நின்றிருந்த மச்சான்,
சம்பந்தம்