தொட்டி முனையில் எந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலி பழைய சினேகிதம். உன் அம்மாதான் சரியில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கிறவள் காதில் விழும், அதனால் வீட்டு முன்னறைத் தையல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யாருடைய பேண்ட் துணியையோ ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டிங் மேஜையில் வைத்தே எழுதுகிறேன். நடுவில் யாராவது பொத்தான் வைக்க வந்து நின்றால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள்.

அம்மாவின் தங்கை, நம்மோடேயே இருந்த உன் சித்தி, போன அன்றைக்கு நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய், முழுசாகச் சொல்கிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அம்மாதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். டிரைவர் தண்ணீர்த் தொட்டி முனைக்கு வந்து நின்று, எந்தப் பக்கம் திரும்பணும் என்று போனில் கேட்டான். வலது பக்கம் என்றாள். யார் வழி கேட்டாலும் இத்தனை வருஷமாக அதுதான் பதில், பெரிய ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நம் தெரு வலது பக்கம்தானே. அன்றைக்குப் பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவன் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு எதிர்த் திசையிலிருந்து வந்திருக்கிறான், அவனுக்கு நம் தெரு இடது. அவன் அதைச் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த எனக்கும் உறைக்கவில்லை. வலது பக்கம் திரும்பி மரக்கடைச் சந்துக்குள் போய், சரக்கு இறக்குகிற லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். வண்டி வாசலுக்கு வந்தபோது சித்திக்கு மூச்சில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய், நான் கடிகாரம் பார்க்கவில்லையம்மா. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த மனுஷர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

இப்போது உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்கிறேன். அன்று போனில் நீ அம்மாவிடம், "மூணு வயசுக் குழந்தைங்களுக்கு இடது வலது சொல்லிக் குடுக்கறே, ஒரு வழி ஒழுங்கா சொல்லத் தெரியலையாம்மா" என்று கேட்டாய். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். அம்மா பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் உனக்குத் தலை வாரிவிட்டவள் சித்தி, காய்ச்சலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள். அழுகையில் வந்த வார்த்தைதான், தெரியும். இருந்தாலும் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டாய், இதை அப்பா சொல்லாமல் யார் சொல்வது. அவள் வகுப்பில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா. நாற்காலியை நடுவில் போட்டுத் துணிக்கரடியை மேலே வைப்பாள், கீழே வைப்பாள், பின்னால் ஒளிப்பாள். பிறகு ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர்களை வழி சொல்லச் சொல்வாள். அதற்கு அவள் வைத்திருக்கிற சட்டம் ஒன்றே ஒன்று. "முதல்ல அவன் பின்னாடி போய் நில்லு, அவன் பாக்கற பக்கம் நீயும் பாரு, அப்புறமா வலதா இடதான்னு சொல்லு." நீ கேட்ட கேள்வி எங்கே போய்க் குத்தியது என்று புரிகிறதா. அவளுக்கே அது தெரியும், நீ வேறு எடுத்துச் சொன்னாய்.

லீவு முடிந்து வேலைக்குப் போனாள். மேலே, கீழே, உள்ளே, வெளியே வரைக்கும் பாடம் நடந்திருக்கிறது. குழந்தைகளைப் பார்த்து நின்று வலது கை தூக்குங்கள் என்னும்போது டீச்சர் தன் இடது கையைத் தூக்க வேண்டும், அப்போதுதான் எதிரே இருக்கிற பிள்ளைகளுக்குச் சரியாக வரும். தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வாள். அன்றைக்கு எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் இரண்டையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாளாம். அதுவும் விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளையே பார்த்து நின்றார்களாம். வீட்டுக்கு வந்திருந்த ஹெட்மிஸ்ட்ரஸ்தான் இதைச் சொன்னார். முந்தாநாள் ஷேர் ஆட்டோவில் வந்தவள் டிரைவரிடம் திரும்பு என்று சொல்ல வாய் வராமல் நம் தெருவைத் தாண்டிக் கடைசி ஸ்டாப் வரை போய் இறங்கி, வெயிலில் நடந்து வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான் சொன்னா தப்பாப் போயிடும்" என்றாள். இந்த மாதத்தோடு வேலையை விடப்போகிறாளாம். விட்டால் சித்தி படுத்த கட்டிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள், அதற்குப் பிறகு அவளை எழுப்ப என்னால் ஆகாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அவள் தப்பு இல்லை என்று அவளிடம் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். நீயும் போனில் மன்னிப்பு கேட்கிறேன் என்று ஆரம்பித்து அழுது தொலைக்காதே, பிறகு அவள்தான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். வருகிற வாரம் லீவுக்கு வருகிறேன் என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும் என்றுதான் நானும் அவளும் தினமும் நினைக்கிறோம், அவள் இப்போது வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒன்று மட்டும் மறக்காதே. டாக்சியைத் தொட்டி முனையில் நிறுத்தச் சொல்லி அம்மாவுக்குப் போன் போடு. எந்தத் திசையிலிருந்து வருகிறாய் என்பதைச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கம்மா திரும்பணும் என்று கேள். உடனே பதில் வராது, போனை வைத்துவிடாதே. என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். தப்பாகச் சொன்னாலும் அவள் சொன்ன பக்கமே திரும்பு. இந்த முறை நமக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா