ரத்தம் ஏன் கட்டியது

11-2-1974, திங்கள்
இடது கால் ஆடுசதையில் ரத்தம் கட்டிவிட்டது. சனிக்கிழமை வீங்க ஆரம்பித்தது, இன்று செருப்பு நுழையவில்லை. டாக்டர் பூவராகவன் அமுக்கிப் பார்த்தார். ரத்தக் குழாய்க்குள்ளேயே உறைந்திருக்கிறது, உடனே மதராஸ் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். கட்டி நெஞ்சுக்கு ஏறினால்? "ஏறவிடக் கூடாது" என்றார். மேலே கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே விலை தெரிந்துகொள்கிறவன் நான்.

27-2
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாயிற்று. ஊசிகள் போட்டு வீக்கம் வடிந்தது. ஆனால் ஏன் கட்டியது? அடி பட்டதா என்றார்கள், இல்லை. படுக்கையில் கிடந்தேனா என்றார்கள். இருபத்தைந்து வருஷமாக எண்ணெய்க் கடையில் நின்றுகொண்டிருக்கிறேன்! புற்று இருந்தாலும் கட்டுமாம். வயிறு, நெஞ்சு எல்லாம் படம் பிடித்தார்கள், ஒன்றுமில்லை. காரணம் தெரியாவிட்டால் மறுபடி கட்டலாம், அடுத்தது காலோடு நிற்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வயது நாற்பத்தெட்டு.

2-3, சனி
எண்ணெய்க் குளியல். வெந்நீர் பட்டதும் அதே அரிப்பு. உடம்பெல்லாம் ஊசி குத்துகிறது. ஒன்றரை வருஷமாக இப்படி.
இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன். நல்லெண்ணெய் விற்கிறவனுக்கே எண்ணெய் தேய்த்தால் அரிக்கிறது என்று திருவள்ளூரில் தெரிந்தால் கடையில் ஈதான் உட்காரும். என் மனைவி தாயாரம்மாளுக்குத் தெரியும். சீயக்காயை மூன்று கடை மாற்றினாள். நானும் எதிர்க்கடை எண்ணெயை ஆள்விட்டு வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். அதற்கும் அரித்தது. அதில் ஒரு சந்தோஷம்.

9-3
ஆஸ்பத்திரியில் விட்டுப்போன சோதனைகளை பூவராகவன் எழுதிக் கொடுத்தார். மதராஸில் ஒரு லேப். கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் குழாயில் மருந்தும் என் ரத்தமும் விட்டு, பக்கத்தில் இருக்கும் மாதிரி நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினார் லேப்காரர். எந்தக் கோட்டில் நிறம் ஒக்கிறதோ அதுதான் ரத்தத்தின் பலம். என்னுடையது கடைசிக் கோடு வந்தும் கறுப்பாகவே நின்றது. கொட்டிவிட்டு மறுபடி செய்தார். மறுபடி அதேதான். பிறகு சீட்டில் பதினைந்து என்று எழுதினார்.
கோடு தாண்டிவிட்டதே என்றேன்.
"மருந்து பழசு பெரியவரே. அவ்ளோ யாருக்கும் வராது."
படியில் சரக்கு நிரம்பி வழிந்தால் ஒன்று படி தப்பு, இல்லை சரக்கு அதிகம். இந்த ஆள் படிதான் தப்பு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அது எப்படி?

11-3
பூவராகவனிடம் சொன்னேன். தன்னிடமிருந்த அதே மாதிரிக் குழாயையும் மருந்தையும் எடுத்தார். அதே மருந்தில் உங்கள் ரத்தத்தையும் போட்டுப் பாருங்கள், படி சரியா என்று தெரிந்துவிடும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் செய்தார். அவருடையது பதினாலரையில் ஒத்துப்போனது. என்னுடையது மேலே, மேலே, குழாயைத் தாண்டி.
என்னைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அமுக்கினார். மண்ணீரல் பெருத்திருக்கிறதாம். பிறகு, "வெந்நீர்ல குளிச்சா அரிக்குமா?"
சட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். பக்கத்திலேயே நின்ற தாயாரம்மாள் விடவில்லை.
"இன்னாத்துக்கு மூடிக்கினு கீறீங்க? உசுரு பெருசா, எண்ண யாவாரம் பெருசா?"
அரிக்கும் என்றேன். ஒன்றரை வருஷம் என்றேன்.
"இதை முதல் நாளே சொல்லியிருந்தா? எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்கு ரத்தம் அதிகமா ஊறுது. கெட்டியாகி ஓட முடியாம கட்டிக்கிச்சு. அரிப்பும் அதனாலதான்."
உயிர் பிழைத்ததை நினைத்தேனா? இல்லை. என் எண்ணெய் சுத்தம்! அதுதான் முதலில் தோன்றியது.

20-3
எலும்பில் ஊசி குத்தி உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். வலி சொல்ல முடியாது. பூவராகவன் சொன்னதேதான் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர்கள் படம் பிடித்துத் தேடியதை நான் ஒரு கோட்டில் பிடித்தேன்.

25-3
முதல் பாட்டில் ரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்கும்வரை வாரம் ஒன்று, பிறகு ஏறும்போதெல்லாம் ஒன்று. தேங்கிய சரக்கை இறக்குவதுதானே! மாதக்கணக்காக இருந்த தலைபாரம் சாயங்காலமே விட்டது. ஊர் ரத்தத்தை உறிஞ்சிச் சேர்த்ததுதானே, இறங்கட்டும் என்றாள் தாயாரம்மாள். சிரித்தால் ஊசி குத்திய இடம் வலிக்கிறது.

8-6
அளவு பதினாலரை. பூவராகவனும் நானும் சமம்.

14-8
கும்மிடிப்பூண்டி போனேன். புதிதாக எண்ணெய் மில் போட ஒரு ஷெட் பார்த்தேன். ஷெட்டுக்குச் சொந்தக்காரர் சடையப்பன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஒடம்பு சொகமில்லன்னு சொன்னாங்க மொதலாளி. ஒரு அஞ்சு வருசத்துக்கு எழுதிக்கலாமா?"
அஞ்சு வருஷத்தில் மெஷின் போட்ட முதலே திரும்பாது என்றேன். ஷெட்டை மூன்று சுற்று நடந்து காட்டினேன். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.
குத்தகை இருபது வருஷம். வாடகை மாதம் நூற்று எழுபத்தைந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பத்து ரூபாய் ஏற்றம். கெடு முடிந்ததும் புதுப்பிக்கும் உரிமை எனக்கு.