ஒருசந்தி வீட்டில் நாலு தோசை

அன்பு மகள் மலருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் சுகமாக இருக்க எஸ்டேட் மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். அங்கே வேலை செய்யும் ஆர்தரைக் கட்டிக்கிறேன்னு நீ சொன்ன அன்றைக்கு, வேதக்கார மருமகன் எனக்கு வேணாம்னு போனில் கத்தியவன் நான், அதே போனில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் பேனா.

போன புதன்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி ஆர்தர் ஊரான ரிங்லெட் போனேன், இந்தப் பேச்சே வேணாம்னு ஆர்தர் அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வர. அவர் முகத்தை நான் பார்த்ததும் இல்லை. நல்ல மழை, மூக்குக்கண்ணாடியையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஒரு வாசலில் நெற்றியில் சாம்பலோடு ஒருத்தர் நின்றார், அப்பாடா திருநீறு, நம்ம ஆளுன்னு, வேதக்கார டொமினிக் வீடு எதுன்னு கேட்டேன். நனையாதீங்கண்ணே, முதல்ல உள்ள வாங்கன்னார். அவர் வீட்டம்மா நெற்றியிலும் சாம்பல். சுடச்சுடத் தோசை வந்தது, நீங்க சாப்பிடலையான்னு கேட்டால், இன்னிக்கு எங்களுக்கு ஒருசந்திண்ணே, ஒருவேளைதான் சாப்பாடுன்னு சொன்னாங்க. ஆகா, பக்தியான குடும்பம்னு மெச்சிக்கொண்டு, நாலாவது தோசையைப் பிட்டுக்கொண்டே, எம் பொண்ணே வாழப்போனாலும் அந்த டொமினிக் வீட்டுல பச்சைத் தண்ணிகூட குடிக்க மாட்டேன், அவங்களுக்கு விரதம் உண்டா நோன்பு உண்டான்னு நியாயம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ ஆறுது குடிங்க சம்பந்தி, டொமினிக் நான்தான் லா என்றார். கண்ணை இடுக்கி நிமிர்ந்தால் சுவரில் ஏசுநாதர், பக்கத்தில் நீ எனக்கு அனுப்பிய அதே, பட்டம் வாங்கிய ஆர்தர் போட்டோ. வாயில் இருந்த தோசையைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அந்தம்மா பார்பரா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவங்க நோன்பு ஆரம்பமாம், கோயிலில் சாம்பல் பூசுவாங்களாம், நாற்பது நாளைக்கு அந்த வீட்டில் கறி கிடையாதாம். வெள்ளிக்கிழமை ஒருநாள் விரதத்துக்கே பக்கத்து வீட்டுக் கோழி வாசத்தைத் தேடுகிற உங்கப்பன் அவங்க பக்தியைப் பற்றிப் பேசினான் பார். பசியோடு இருந்தவங்க, திட்ட வந்தவனுக்குத் தோசை சுட்டுப் போட்டாங்கம்மா, அதைத்தான் என்னால் தாண்டி வர முடியவில்லை. பஸ் வரும்வரை டொமினிக் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார், நான் வந்த விஷயத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னால், இனிமே எங்க போனாலும் கண்ணாடி இல்லாமலே போங்கன்னுட்டா. அவங்க நோன்பு முடியட்டும், சித்திரையில் நாள் பார்க்கலாம், ரெண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வாங்க. அதுவரைக்கும் ஆர்தருக்குக் கறி ஆக்கிப் போட்டுவிடாதே, மறந்துவிடாதே. நம்ம மாரியம்மாவும், நான் திட்டியதைச் சுவரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டுச் சாமியும் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

நாலு தோசையில் கட்சி மாறிய அப்பா,
காளிமுத்து