தாய்ப்பாலை நிறுத்த விடாத அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை வேங்கிக்காலில் கீரை வாங்கும்போது, கூடையிலிருந்த கீழாநெல்லியின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

நிலா பிறந்து சில வாரங்களாகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. மலம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கன்னத்தில் வட்டவட்டமாகச் சிவப்புத் தடிப்பு. அதைப் பார்த்த குழந்தைகள் டாக்டர் என் இரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். என் உடம்பு தன்னையே எதிரியாக நினைத்து உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள், கருவிலேயே அவளுக்குள் போய்க் கல்லீரலைத் தாக்கியிருந்தன. எனக்கோ கண் உலர்ந்து உறுத்துவதைத் தவிர ஒன்றும் தெரியாது. குழந்தையின் இதயம் நன்றாக இருக்கிறது, பித்தக்குழாயில் அடைப்பில்லை, சில மாதங்களில் அந்த எதிர்ப்பொருள்கள் அவள் உடலிலிருந்து தானாக மறைந்துவிடும், பால் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்.

வீட்டில் அது யார் காதிலும் விழவில்லை. தாயின் இரத்தத்தில் கோளாறு என்ற பேச்சு மட்டும் கீழ்பென்னாத்தூர் வரை போனது. அத்தை பால்பவுடர் வாங்கிவரச் சொன்னார். மாமா, கீழாநெல்லி அரைத்துப் புகட்ட ஒருவரை வேனில் அழைத்தே வந்துவிட்டார். என் பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டதாக நம்பத் தொடங்கியிருந்தேன்.

செங்கம் சாலை விடுதியில் வேலை முடிந்து நேராக வந்தீர்கள். டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் மறுபடி சொல்லவைத்தீர்கள். கல்லீரல் தேறும்வரை நாமாக எதையும் புகட்டக் கூடாது என்றார் அவர். பிறகு உங்கள் அப்பாவான மாமாவிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்:

"அவ ஒண்ணும் செய்யலப்பா. அவளுக்கே தெரியாம வந்தது, தானா போயிடும்னு சொல்றாரு. அதுவரைக்கும் கொழந்த வாயில யாரும் எதையும் ஊத்த வேணாம்."

கீழாநெல்லி புகட்ட வந்தவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். குழந்தையை என் மடியில் வைத்து, "நீ பால் குடும்மா" என்றீர்கள்.

ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்கும் கூடவே வந்தீர்கள். மலம் மஞ்சளாக மாறிய அன்று அந்தத் துணியோடு கூடத்துக்கு ஓடி மாமாவிடம் விரித்துக் காட்டினீர்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார். அதன்பின் அவள் கண்ணும் மெல்லத் தெளிந்தது. இப்போது பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த கர்ப்பத்தில் முதல் நாளே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை தந்தார்கள், எதிர்ப்பொருள்கள் இதயத்தையும் தாக்கலாம் என்பதால் வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத்தை அடிக்கடி ஸ்கேன் செய்தார்கள். நிலாவின் தம்பி எந்தக் குறையுமில்லாமல் பிறந்தான். அவனைத் தூக்க நீங்கள்தான் உயிரோடு இல்லை.

அந்த எதிர்ப்பொருள்கள் இன்னும் என் இரத்தத்தில்தான் இருக்கின்றன, அண்ணி. விசேஷ வீடுகளில் யாராவது உனக்கு என்ன நோய் என்று கேட்டால் தலை குனியாமல் விளக்குகிறேன். அப்போது என் பேச்சு அப்படியே உங்கள் பேச்சு மாதிரி இருப்பதாக உங்கள் தம்பி சொல்கிறார்.