ஏழாம் நம்பர் பஸ்ஸும் என் பிரஷரும்

செப்டம்பர் 2, திங்கள்

சனிக்கிழமை வேறு யாரோ என் பஸ்ஸை ஓட்டியிருக்கிறார்கள். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டி இழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மகராசன். காலையில் ஏறினால் வயிறு இடித்துப் பாதியில் நிற்கிறேன். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருடம். இந்த ஒரு காட்சிக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் ஈர்க்குச்சி. "ஒண்ணும் அவசரமில்லக்கா, மெதுவா ஏறுங்க" என்றாள், பன்னை மென்றபடி. நாள் முழுக்க ஏதாவது மெல்லுவாள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் தண்ணீர் குடித்தால்கூட டம்ளருக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் சீட்டிலிருந்து எழுந்தபோது மறுபடியும் கண்ணை இருட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3

யாரும் பார்க்கவில்லை என்று நேற்று எழுதியிருக்கிறேன். நிம்மதியில் எழுதினேனா, வருத்தத்திலா?

செப்டம்பர் 8, ஞாயிறு

அக்கா போன். முதல் கேள்வி வழக்கம்போல: "எவ்வளவு குறைஞ்சிருக்க?"

ஒரு கிலோ என்று சொன்னேன். பொய். அவளும் நம்பவில்லை. யாரோ ஒருத்தி மூன்று மாதம் சூப் மட்டும் குடித்துப் பாதியாகிவிட்ட கதையைச் சொன்னாள். நானும் சூப் குடித்துப் பார்த்தவள்தான். காய்கறி வாங்கிப் பாதியானது என் சம்பளம்தான், இடுப்பு இல்லை.

போன வருடம் அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் கேட்கும் மனிதக் குரல் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் ஒன்றுதான். அதனால் எடுக்காமலும் இருக்க முடியவில்லை. எடுத்தால் மதியம் வரைக்கும் மனசு சரியில்லை.

வேகவைத்த கேரட், ஒரு முட்டை. அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஒருத்திக்கு எதற்கு மேஜை?

செப்டம்பர் 13, வெள்ளி

கம்பெனியில் ஓட்டுநர்களுக்கான வருடாந்திர உடல் பரிசோதனை.

நர்ஸ் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். பாதி காற்று ஏறும்போதே டர்ரென்று பிரிந்துகொண்டது. பின்னால் வரிசையில் நின்ற ஐந்தாம் நம்பர் ஓட்டுநர் இருமினார். அது சிரிப்பு, இருமல் இல்லை. அவர் மட்டும் என்ன, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். ஆம்பளைன்னா 'நல்ல வாட்டசாட்டம்', நான்னா 'உடம்பைப் பாத்துக்கக் கூடாதா'.

"கையை லூசா விடுங்கம்மா. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது!" நர்ஸ் இரண்டு கையாலும் பட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அதிகம். இரண்டு வருடமாக அதிகம்தான். முதலில் ஒரு மாத்திரை, பிறகு இரண்டு. இன்று கம்பெனி டாக்டர் மூன்றாவதையும் எழுதிவிட்டார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெயிட்டைக் குறைங்க, எல்லாம் தானாக் குறையும்."

அடிக்கடி கண்ணை இருட்டுது டாக்டர் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால் அந்த நிமிடமே வண்டி போய்விடும். வெளியே வந்தால் மேனேஜர் நிற்கிறார்: "ஒரு மாசம் டைம் தர்றேன். பிரஷர் இறங்கலைன்னா உங்களை ஆபீஸ்ல உக்கார வைக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

ஆபீஸில் என்ன செய்வேன்? இந்த உலகத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிறவர்கள் அந்த பஸ்ஸில் ஏறுகிற பொடிசுகள் மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் நான் யார், ஒரு வீடு, ஒரு அடுப்பு, அவ்வளவுதானே?

செப்டம்பர் 15, ஞாயிறு

அக்காவிடம் மூன்றாவது மாத்திரை பற்றிச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். எப்பவே என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

முதல் ஸ்டாப்பில் ஏறும் குட்டிப் பெண் இன்று படியில் தடுமாறி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. "ஆன்ட்டி, உங்க கை மெத்து மெத்துன்னு இருக்கு" என்றாள். பாராட்டுதான். வயது ஐந்து. இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தக் குழந்தைக்கு முன்னால் என்னைத் தொட்டது யார்? நர்ஸ், பட்டையை அமுக்கிப் பிடிப்பதற்காக. அதற்கு முன்னால்? அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள். அழுகை வந்தது. அழுதேன். யார் கேட்கப்போகிறார்கள்?

செப்டம்பர் 24, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

சாயங்காலம் கடைசிக்கு முந்தைய ஸ்டாப். வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்தேன். ஈர்க்குச்சி இரண்டு பிள்ளைகளை ரோட்டைக் கடத்திவிடப் போயிருந்தாள். பின்னால் ஒரு பையின் வார் சீட்டிடுக்கில் மாட்டிக்கொண்டு, பிள்ளை அழுதது. எழுந்தேன். இரண்டு எட்டு வைத்தேன், அவ்வளவுதான் ஞாபகம்.

கண்ணைத் திறந்தால் சீட்டுகளுக்கு நடுவில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் பிள்ளைகள். ஒரு சத்தமில்லை. "பஸ் ஆன்ட்டி தூங்கறாங்க, பேசாதீங்க" என்று ஒன்று மற்றதை அடக்கிக்கொண்டிருந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பாலத்தில் வந்துகொண்டிருந்தோம். பாலத்துல வந்திருந்தா? ஐயோ, பாலத்துல வந்திருந்தா — என்னத்தச் சொல்லி அந்தத் தாய்மாருங்க முகத்துல முழிச்சிருப்பேன்? எல்லாம் எனக்குத் தெரியுமே. கண்ணை இருட்டுதுன்னு தெரியும், தெரிஞ்சே ஓட்டினேன். பஸ் போயிடுமேன்னு பயந்து ஓட்டினேன்.

மேனேஜருக்கு நானே போன் செய்தேன். வேறு ஓட்டுநர் வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டேன். ஈர்க்குச்சி ஆட்டோவில் வீடு வரைக்கும் கூட வந்தாள். வழியெல்லாம் ஒன்றும் மெல்லவில்லை.

செப்டம்பர் 25

பஸ் நேரத்துக்கே முழிப்பு வந்துவிட்டது. சீருடை மாட்டப் போய்விட்டேன், மடச்சி.

செப்டம்பர் 28, சனி

ஈர்க்குச்சி போன். "அந்த ஆளு பிரேக் போட்டா என் குடல் வாய்க்கு வருதுக்கா. சீக்கிரம் வந்து சேருங்க."

பிறகு, அவள் வீட்டுப் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றாள். எனக்குச் சலிப்பு. எந்த டாக்டரிடம் போனாலும் காது வலி என்றாலும் எடைதான் காரணம், கால் சுளுக்கு என்றாலும் எடைதான் காரணம். காசு கொடுத்துத் திட்டு வாங்குவானேன்?

"என் உடம்பைப் பத்திப் பேசாத ஒரே ஆள் அவங்கதான்க்கா" என்றாள். உன் உடம்புக்கு என்னடி கேடு என்று கேட்டேன். "நான் நாள் பூரா எதுக்குத் தின்னுட்டே இருக்கேன்னு நினைக்கிறீங்க? கொஞ்சமாவது சதை போடணும்னுதான். எங்க மாமியார் என்னைத் துணி காயப்போடற கொடின்னு சொல்லும். நீங்க ஈர்க்குச்சின்னு சொல்றீங்க. உங்க பேரு பரவால்ல."

பரவால்ல என்றுதான் சொன்னாள். இனி அவளை எப்படிக் கூப்பிடுவது?

அக்டோபர் 1, செவ்வாய்

போனேன். சின்ன கிளினிக். கைப்பிடி இல்லாத நாற்காலி, அதற்கே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"என்ன பண்ணுதும்மா?" என்றார் டாக்டர். சொன்னேன். எழுந்தால் இருட்டுவது, பஸ்ஸில் விழுந்தது, மூன்று மாத்திரை. இடையில் எப்போது 'வெயிட்' என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. மேஜை மேலிருந்த பட்டையை எடுத்தவர் என் கையைப் பார்த்தார், அதைக் கீழே வைத்துவிட்டார்.

"இது உங்க கைக்குப் பத்தாது. இருங்க, பெருசு ஒண்ணு இருக்கு." டிராயரில் தேடினார், இல்லை. தானே எழுந்து அடுத்த அறைக்குப் போய் எடுத்து வந்தார்.

பெருசு இருக்கா? பெருசுன்னு ஒண்ணு இருக்கா?

படுக்க வைத்துப் பார்த்தார், உட்கார வைத்துப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். நிற்கும்போது மறுபடி இருட்டியது, தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "சின்னப் பட்டையில பாத்தா பிரஷர் இருக்கறதைவிடக் கூடுதலாக் காட்டும். உங்களுக்கு இருக்கறது கொஞ்சம்தான். சாப்பிடற மாத்திரை அதிகம். அதான் எழுந்தா மொத்தமா இறங்கிடுது. நீங்களா நிறுத்திடாதீங்க, நான் படிப்படியாக் குறைக்கறேன்."

சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். தினமும் நடக்கச் சொன்னார். அதையும் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னார். மூட்டு எப்படி இருக்கு, எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்டுவிட்டுச் சொன்னார்.

அக்டோபர் 2

சந்தோஷம் வர வேண்டும். கோபம்தான் வருகிறது. சீருடை பத்தலைன்னா நான் பெருசு. பெல்ட் பத்தலைன்னா நான் பெருசு. பட்டை பிச்சுக்கிட்டு வந்தாலும் அது என் கை பண்ண குத்தம்னு ரெண்டு வருஷமா நானே வெட்கப்பட்டு, மன்னிப்பு வேற கேட்டிருக்கேன். ஒருத்தருக்குக்கூட, பட்டை சின்னதுன்னு தோணலையே. எனக்கே தோணலையே! கேரட்டை வேக வச்சு வேக வச்சுத் தின்னேன்.

பாத்திரத்தை டங்கென்று போட்டேன். கொஞ்சம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

"எவ்வளவு குறைஞ்சிருக்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அதுக்காக நீ குண்டே இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள்.

"குண்டுதான். அது எனக்குத் தெரியும்க்கா. கண்ணாடி வீட்டுலயே இருக்கு. நீ வாராவாரம் போன் பண்ணிச் சொல்ல வேண்டாம். இனிமே என் எடையைக் கேக்காத."

"அக்கறையில கேட்டேன்டி."

"தெரியும். ஆனா கேக்காத."

அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. அவள் மூச்சு கேட்டது. வைக்கறேன் என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

போன் வரவில்லை.

அக்டோபர் 15

ஒரு மாத்திரை குறைந்துவிட்டது. எழுந்தால் தலை சுற்றல் பாதிக்குப் பாதி இல்லை. சாயங்காலம் பூங்காவைச் சுற்றி நடந்தேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைத் தாண்டும்போது, "விடாதீங்க, குறைஞ்சுடும்!" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். உன் வேலையைப் பாத்துட்டு ஓடும்மா தாயே.

அக்டோபர் 20, ஞாயிறு

வரவில்லை. நானே செய்யலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், வைத்துவிட்டேன். சரியாகத்தானே சொன்னேன்? சரியாகச் சொன்னவளுக்கு ஏன் இவ்வளவு வெறுமை? பழைய கேள்வியையே கேட்டுத் தொலைக்கட்டும், குரலாவது கேட்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இல்லை. அது வேண்டாம்.

அக்டோபர் 25, வெள்ளி

மயக்கம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. வண்டி ஓட்டலாம் என்று அந்த டாக்டர் எழுதித் தந்துவிட்டார். கம்பெனியிலும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். அதே அறை, அதே நர்ஸ், அதே பட்டை. கையை நீட்டச் சொன்னாள். நான் நீட்டவில்லை.

"எனக்கு இது பத்தாதும்மா. பெருசு வேணும்."

"எல்லாருக்கும் இதான். இருக்கறதே இதான்."

"அப்ப வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தேன். பின்னால் வரிசை நீண்டது. உச்சுக் கொட்டினார்கள். 'சரி விடுங்க, இதுலயே பாருங்க' என்று வாய் வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தையாயிற்றே. மேனேஜர் வந்தார், டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்தார், தலையைச் சொறிந்தார், யாருக்கோ போன் செய்தார். டீ நேரம் தாண்டித்தான் வந்தது புதுப் பட்டை. பிரஷர் சரியாக இருந்தது.

நான் எழுந்ததும் ஐந்தாம் நம்பர் ஓட்டுநர் உட்கார்ந்தார். நர்ஸ் பழைய பட்டையை எடுத்தாள். அவர் இருமினார், இந்த முறை நிஜமாகவே. "எனக்கும் அந்தப் புதுசையே சுத்திப் பாருங்களேன்" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

அக்டோபர் 28, திங்கள்

ஏழாம் நம்பர் திரும்ப என் கையில். முதல் ஸ்டாப் குட்டிப் பெண் நான் இத்தனை நாளும் தூங்கிக்கொண்டிருந்ததாக எல்லோருக்கும் அறிவித்திருக்கிறாள். "நல்லாத் தூங்குனீங்களா?" என்று ஒவ்வொன்றும் கேட்டுவிட்டுத்தான் ஏறியது. பாலத்தில் வேகத்தைக் குறைத்தேன், தேவையில்லாமலே.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது போன். அக்கா. திங்கட்கிழமையில் அவள் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துபோய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றாள். பிறகு, "கோபம்லாம் இல்லடி. உன்கிட்ட வேற என்ன கேக்கறதுன்னே தெரியல. அதான் மூணு வாரமாப் பண்ணல" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எங்கள் அக்கா அழ மாட்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"உன் பஸ்ல எத்தனை பிள்ளைங்க?" என்றாள் திடீரென்று.

பதினோரு வருடத்தில் முதல் முறை. இருபத்தாறு என்றேன். "எல்லாம் சின்னதுங்களா?" சின்னதுங்கதான் என்றேன். "சேட்டை பண்ணுமா?" செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து முதல் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பித்தேன். யார் எங்கே ஏறுவார்கள், யார் அழுவார்கள், யாருக்கு ஜன்னலோரம்தான் வேண்டும். நாலாவது ஸ்டாப் இரட்டையர் கதைக்கு அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். இருட்டியது தெரியவில்லை. கடைசி ஸ்டாப் வரைக்கும் அவள் போனை வைக்கவில்லை.