ஓட்டுநர் இருக்கையில் ஒன்பது கிலோ குறைவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு மற்ற விஷயங்களுக்குப் போவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன், காரணம் படித்து வரும்போது தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் சாப்பிட்டாயா என்பேன், நீ சாப்பிட்டேன் என்பாய், பிறகு நீ கேட்பாய், நான் அதையே சொல்வேன், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அரை நிமிடத்தில் அதை முடித்துவிட்டு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம். கடிதத்தில் நீ இடையில் புகுந்து பேச்சை மாற்ற முடியாது.

முதலில் உன் கார். இன்னும் ஆறு வாரத்தில் நீ வந்து பந்தயத் தடத்தில் ஓட்டப்போவது அது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நீ விட்டுப்போன கார்தான் என்று சொன்னால் இப்போது நம்பமாட்டாய். பின் இருக்கை, ரேடியோ, ஏசி, கூரைத் துணி, கதவுகளின் உள்பக்கம், சத்தம் கேட்காமலிருக்கத் தரையில் ஒட்டியிருந்த தார் அட்டை எல்லாவற்றையும் உன் தம்பி கழற்றிவிட்டான். தார் அட்டையைச் சுரண்டி எடுக்க மட்டும் நான்கு ஞாயிறு ஆனது. கழற்றுவதையும் புதிதாகப் பூட்டுவதையும் தராசில் வைத்துப் பார்த்து ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதுவது என் வேலை, இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. வந்ததில் பெரியது உள்ளே பூட்டிய இரும்புக் குழாய்க் கூண்டு, கார் உருண்டாலும் உன்னை நசுங்காமல் காப்பது அதுதான். அதைச் செய்தவன் நம் வெல்டர். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் உருகுநிலைப் பாடத்தில் முட்டை வாங்கியவன், இன்றைக்கு உருக்கித்தான் சாப்பிடுகிறான், அதைச் சொல்லி என்னைச் சீண்டாத ஞாயிறு கிடையாது. நீங்க போட்ட முட்டைய அடைகாத்துத்தான் டீச்சர் இந்தத் தொழில் பொரிஞ்சுது என்கிறான். டர்போவையும் பெரியதாக மாற்றியாயிற்று. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிறது, கழிவை வைத்தே பலம் சேர்க்கும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழையதைவிட இது விழித்துக்கொள்ள நேரம் எடுக்குமாம், அதை உனக்குத் தனியாக எழுதச் சொன்னான் தம்பி. மிதிச்சதும் ஒண்ணும் வரலியேன்னு அக்கா இன்னும் மிதிக்கக் கூடாது, ரெண்டு எண்ணுறதுக்குள்ள மொத்தமா வந்து இடிக்கும், அப்ப வளைவுல இருந்தா காரு அவ பேச்சக் கேக்காது, இதை அப்படியே எழுதும்மா என்றான். எழுதிவிட்டேன்.

முன்னால் இடது இருக்கையைக் கழற்றி அங்கே தரை விரிப்பை உரித்தபோது அதில் ஓரிடம் குதிகால் அளவுக்குத் தேய்ந்து நூல் தெரிந்தது. நீ ஓட்டும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாரே, அந்த இடம். தம்பி அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் குழாயைத் திறந்து நெடுநேரம் முகம் கழுவினான். வெல்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டான், பற்றவைக்க அப்போது ஒன்றுமே இல்லை. நான் விரிப்பைச் சுருட்டித் தராசில் வைத்தேன், இரண்டு கிலோ முந்நூறு கிராம், சுவரில் எழுதினேன், அடுத்து என்ன என்று கேட்டேன். அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது, எனக்கு அழுகை வரவில்லை என்பதை நீயும் கவனித்திருப்பாய், அத்தை அதைக் கொஞ்சம் குறையாகவே எல்லோரிடமும் சொல்கிறாள். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா, விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது. அப்படித்தான் இருக்கிறேன். வலி இல்லை. மரத்துப்போன வாயால் நாக்கைக் கடித்துக்கொண்டால்கூட ரத்தம் கண்ணில் பட்டால்தான் தெரியும் என்பார்கள், அந்த மாதிரி ஒன்று நடந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பந்தயக் காரை நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து எடை போடுவார்கள், அப்போது ஓட்டுபவர் இருக்கையில் இருக்க வேண்டும். நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆள் உட்கார்ந்த பிறகுதானே அது எந்தப் பக்கம் ஆடும் என்று தெரியும், அதேதான் இங்கும், ஆளின் எடைக்கு ஏற்ப ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் ஏற்றி இறக்குவார்கள். நீ அங்கே இருப்பதால் உன் இடத்தில் நான். போன வருடம் மருந்துக்கடை வாசல் எடை மெஷினில் நாம் இருவரும் ஏறி, இருவருக்கும் அறுபத்திரண்டு வந்து, ஒருத்தி ஊருக்குப் போனா இன்னொருத்திய வெச்சு ஒப்பேத்திக்கலாம் என்று அப்பா சொன்னாரே, அதை நம்பித்தான். வேலை தொடங்கும்போது ஒருமுறை எடை போட்டோம். புடவை பெல்ட்டில் சிக்கும் என்று தம்பியின் பழைய ஓவராலை மாட்டிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டும் வைத்து, தோளிலும் இடுப்பிலும் பட்டைகளால் கட்டுண்டு உட்கார்ந்திருந்தேன், வெல்டர் படம் எடுத்தான், உனக்கும் அனுப்பினான். அன்று சுவரின் முதல் வரியில் ஓட்டுநர் 62 என்று எழுதினேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்து மறுபடி எடை போட்டார்கள். சுவரில் உள்ளதைக் கூட்டிக் கழித்தால் ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு வர வேண்டும், வந்தது ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது. தம்பி தராசுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தான். வெல்டர் ஏதோ ஒரு போல்ட் விழுந்திருக்கும் என்றான், ஒம்போது கிலோ போல்ட்டு ரயிலுக்குத்தான்டா போடுவாங்க என்றான் தம்பி. அவன் ஒரு வாரம் முழுக்கக் காரை மறுபடி பிரிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மறுபடி நிறுத்துப் பார்க்காத வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மருந்துக்கடைக்குப் போய் ஏறி நின்றேன், ஐம்பத்து மூன்று. எனக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை, கணக்குக்கு விடை கிடைத்ததில் ஒரு நிம்மதி மட்டும். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் காரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிடுவான், அந்தக் கார் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச விஷயமே இல்லை. அதனால் அடுத்த ஞாயிறு நான் ஒரு காரியம் செய்தேன், ஆசிரியையாக முப்பத்து நான்கு வருடம் இருந்தவள் செய்யக் கூடாதது. ஷெட்டில் ஒவ்வொரு கிலோவாக வார்த்த ஈயக் கட்டிகள் ஒரு டப்பாவில் உண்டு. ஒன்பதை எடுத்து ஓவராலின் பைகளில் போட்டுக்கொண்டேன், மார்பில் இரண்டு, இடுப்பில் நான்கு, முழங்கால் பைகளில் மூன்று. நடக்கும்போது வாத்து மாதிரி இருந்திருக்கும், மூட்டு வலி என்று சொல்லிவிட்டேன். தராசு அப்படியே ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. பாத்தியாம்மா, போன வாட்டி தராசுதான் சரியில்ல என்று தம்பி என் ஹெல்மெட்டைத் தட்டினான், அவன் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. மத்தியானம் முழுக்கப் படுத்துப் படுத்து எழுந்து ஸ்பிரிங்குகளைச் சரிசெய்தான். எல்லாம் முடிந்து நான் கூண்டுக் குழாயைத் தாண்டிக் காலை வெளியே தூக்கி வைத்தேன், முழங்கால் பையின் தையல் பிரிந்து மூன்று கட்டிகளும் சிமெண்டுத் தரையில் விழுந்தன. டீச்சர், பிட்டு வெச்சிருந்தவன எல்லாம் பாக்கெட்டத் தடவிப் பிடிச்சவங்க நீங்க என்று ஆரம்பித்த வெல்டர் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். தம்பி மற்றதையும் எடுக்கச் சொன்னான். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், தரையில் வரிசையாக வைத்தான், ஒன்பது. எப்பலேர்ந்தும்மா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன், அது உண்மை. பசிக்கவில்லை என்றுகூட இல்லை, சாப்பிட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவு இருப்பதில்லை. ஒரே வீட்லதானே இருக்கேன், எனக்கு ஒரு தராசு வந்து சொல்ல வேண்டியிருக்கு என்று சொல்லிவிட்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து போய்ச் சுவரில் அந்த அறுபத்திரண்டை மட்டும் முழங்கையால் துடைத்தான்.

நான் செய்தது காருக்கும் தவறுதான், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். எடை சரி, இடம் தவறு. முழங்காலில் இருக்கும் ஈயம் உடம்பில் இருக்கும் சதை ஆகாது, விடை சரியாக வந்து வழிமுறை தப்பான கணக்குக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். அந்த அளவில் நீ ஓட்டியிருந்தால் வேகத்தில் பிரேக் போடும்போது ஒரு சக்கரம் மட்டும் முதலில் இறுகிக் கார் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்கிறான் தம்பி. அவன் கோபப்படவில்லை. அன்றிலிருந்து மதியம் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுகிறான், எதிரே உட்கார்ந்து என் தட்டையே பார்க்கிறான், தேர்வு அறையில் நான் நிற்பேனே அதுபோல. ருசி இன்னும் திரும்பவில்லை, தட்டு காலியாகிறது. இனி இருக்கையில் ஆள் வேண்டாம், மணல் மூட்டையை உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் கட்டிக்கொள்வானாம். அக்கா எடை எவ்ளோன்னு கேளு என்றான். அறுபத்திரண்டு என்று என் வாய் தானாகச் சொன்னது. உன்னையும் அப்படித்தானேம்மா எழுதி வெச்சிருந்தோம் என்றான்.

அதன் பிறகுதான் நீ போன மாதம் அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன், புது ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, அது. ஹெல்மெட் நன்றாக இருக்கிறது. அப்பா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் கட்டியிருக்கிறாய். இங்கே வந்திருந்தபோது அது இறுக்கி மணிக்கட்டில் தடம் பதிகிறது, ஒரு கண்ணி சேர்க்க வேண்டும் என்று அவரோடு கடைக்குப் போக இருந்தாய். படத்தில் அது முழங்கைக்குப் பாதி வழியில் நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஹெல்மெட் மட்டும்தான் கண்ணில் பட்டது.

வேறு விசேஷம் இல்லை. சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று. அத்தை அடுத்த வாரம் வந்து அப்பாவின் சட்டைகளை எடுத்து அடுக்கலாம் என்கிறாள், வரட்டும். விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா, ஹெல்மெட்டுக்குள் முடியைத் தாழ்த்திக் கட்டு, உயரத்தில் கட்டினால் கழுத்து வலிக்கும், எனக்கு வலித்தது. உன் கண்ணும் கையும் காலும் ஒன்றுபோல உனக்குத் துணை நிற்கட்டும், போன வழியே பத்திரமாகத் திரும்பி வா என்று அப்பா சார்பாகவும் சேர்த்து வாழ்த்துகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. நாளைக் காலையில் எழுந்ததும், எதுவும் குடிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, பைகளில் ஒன்றும் இல்லாமல் ஒரு தராசில் ஏறி நில், வருகிற எண்ணை அப்படியே எழுதி அனுப்பு. சுவரில் அந்த இடம் காலியாக இருக்கிறது, சாக்பீஸ் என் கையில் இருக்கிறது.

கடைசிக்குத் தள்ளிய வரி இதுதான். தம்பி நலம். வெல்டர் நலம். நான் ஐம்பத்து நான்கு. நீ?

உன்,
அம்மா